புது வருட மாடல் பைக் டர்பனுக்கு எப்போது வரும்? புக்கிங்கிலிருந்து சாவி வாங்கும் வரை முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பைக் டீலரிடம் ஸ்டாக் பார்ப்பது என் வேலை. எந்த வண்டி கப்பலில் வருகிறது, எது கிடங்கில் நிற்கிறது, எது யார் பெயருக்கு ஒதுக்கியது என்பதெல்லாம் முதலில் என் திரையில்தான் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், இங்கேயே சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்கள் என எல்லா வகைத் தமிழர்களும் வருகிறார்கள். பெரும்பாலானோர் வழுக்குவது ஒரே இடத்தில்தான். வண்டியின் சேசிஸ் நம்பர் தெரியாமலே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

கீழே இருப்பது நான் எல்லோருக்கும் சொல்லித்தரும் வரிசை. படிகளை மாற்றிப் போடாதீர்கள். எந்தப் படி எதற்கு முன் வர வேண்டும் என்பதற்கான காரணத்தையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. பைக்குக்கு முன் காகிதம்

பைக் வந்து ஷோரூமில் நிற்கும், வாங்குபவரின் காகிதம் வந்திருக்காது. மாதம் ஒருமுறையாவது இதைப் பார்க்கிறேன்.

தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர்கள், அதாவது வேலை விசாவில் இருப்பவர்கள், தங்கள் பெயரில் வண்டி பதிவு செய்ய டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் வாங்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று, புகைப்படங்களோடு வாகனப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும் என்று நினைத்து வருபவர்கள்தான் அதிகம். இந்த நம்பர் உடனே கையில் கிடைக்காது. அதனால் பைக் பிடித்திருக்கிறது என்று தோன்றிய அன்றே இதைத் தொடங்குங்கள்.

அடுத்து லைசென்ஸ். இங்கே 125 சிசி வரை ஏ1, அதற்கு மேல் ஏ. ஊர் லைசென்ஸ் வைத்திருந்தால் அதில் கியர் உள்ள இருசக்கர வண்டிக்கான அனுமதி இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். கார் ஓட்ட மட்டும் அனுமதி உள்ள லைசென்ஸோடு 650 சிசி வாங்க வந்தார் ஒருவர். வண்டியை விற்க எங்களுக்குத் தடை இல்லை. ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதல் கேள்வியிலேயே நிறுத்திவிட்டார்.

முகவரிச் சான்று மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருக்கட்டும். கடனில் வாங்குவதாக இருந்தால் மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு.

2. ஒரே வண்டிக்கு மூன்று வருடங்கள்

ஊரில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. "டிசம்பர்ல எடுக்காதே, ஜனவரில எடு" என்பார்கள். ஆர்சி புத்தகத்தில் தயாரிப்பு மாதமும் வருடமும் அச்சாகி வருவதால் அங்கே அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதிதான் பொருந்தும்.

இங்கே ஒரு வண்டிக்கு மூன்று வருடங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலாவது விளம்பரத்தில் போடும் மாடல் வருடம். இது கம்பெனி வைத்த பெயர் மட்டுமே. 2026 மாடல் என்று சொல்லப்படும் வண்டி 2025 நடுவிலேயே தொழிற்சாலையை விட்டு வந்திருக்கலாம், அதில் தவறு எதுவும் இல்லை. இரண்டாவது, உண்மையில் வண்டி செய்யப்பட்ட வருடம். மூன்றாவது, இ-நாடிஸ் என்ற தென்னாப்பிரிக்க வாகனப் பதிவேட்டில் முதல்முறை ஏறிய நாள். பின்னாளில் விற்கப் போகும்போது இங்கே விலை பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

ஆகவே 2024-இல் செய்து, ஒரு வருடம் கிடங்கில் நின்று, 2025-இல் பதிவான வண்டி காகிதத்தில் 2025 வண்டிதான். டீலர் பொய் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் திருநெல்வேலிப் பையன் ஒருவன் வேறு கடையில் வாங்கிய வண்டியோடு என்னிடம் வந்தான்.

"அண்ணே, 2025 மாடல்னு எழுதியே குடுத்தாங்கண்ணே."

"எங்க எழுதிருக்கு, காட்டு தம்பி."

காட்டினான். அவன் விரல் நின்றது விலைப்பட்டியலின் தேதியில். மாடல் பெயர், நிறம், விலை, வாட் எல்லாம் இருந்தது. வண்டியின் வருடம் மட்டும் அந்தத் தாளில் எங்குமே இல்லை.

3. சேசிஸ் நம்பரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சேசிஸ் நம்பர் 17 எழுத்து. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பக்கூடாது என்பதற்காக ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. வந்தால் யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

முதல் மூன்று எழுத்து யார் செய்தது என்பதைச் சொல்லும். ஜே-யில் தொடங்கினால் ஜப்பான். ராயல் என்ஃபீல்டுக்கு எம்இ3, பஜாஜுக்கு எம்டி2 (MD2), டிவிஎஸ்ஸுக்கு எம்டி6 (MD6). பெயர் ஒரு ஊர், வண்டி ஒரு ஊர் என்பது இந்தத் தொழிலில் சகஜம். பிஎம்டபிள்யூ 310 வண்டிகள் ஓசூரில் டிவிஎஸ் செய்தவை. கேடிஎம் 390-உம் டிரையம்ஃப் ஸ்பீடு 400-உம் புனே பக்கம் சாக்கனில் பஜாஜ் செய்பவை. ராயல் என்ஃபீல்டு நம்ம திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால். எந்தக் கப்பல், எவ்வளவு நாள் என்பதைக் கணக்கிட இந்த விவரம் தேவைப்படும்.

பத்தாவது எழுத்து பெரும்பாலும் வருடம். ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025, அதற்கடுத்த எழுத்து 2026. இந்தியாவில் செய்த வண்டிகளில் இதை நம்பிப் பார்க்கலாம். ஆனால் பத்தாவது இடத்தில் வருடம் போட வேண்டும் என்பது அமெரிக்கச் சந்தைக்கான கட்டாயம். மற்ற நாடுகளுக்கு அனுப்பும் சில ஜப்பானிய வண்டிகளில் அந்த இடத்தில் வெறும் பூஜ்யம் இருக்கும். பூஜ்யத்தைப் பார்த்தால் பதற வேண்டாம். இறக்குமதியாளரிடம் தயாரிப்புத் தேதியைக் கேட்டு மின்னஞ்சலில் வாங்கித் தரச் சொல்லுங்கள். டீலருக்கு அது பத்து நிமிட வேலை.

புதியவர்கள் செய்யும் இன்னொரு பிழை, நம்பரை வாய்வழியாகக் கேட்டு எழுதிக்கொள்வது. டி, பி, இ எல்லாம் தொலைபேசியில் ஒன்றாகத்தான் கேட்கும். புகைப்படம் கேளுங்கள்.

4. எந்த மாதம் எதிர்பார்க்கலாம்

இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஆனால் ஒரு போக்கு உண்டு.

ஐரோப்பிய, ஜப்பானிய கம்பெனிகள் தங்கள் புது வண்டிகளை செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் காட்டிவிடுவார்கள். மிலானில் நடக்கும் ஐக்மா கண்காட்சி நவம்பரில். வடக்கே குளிர்காலம் முடிந்து வண்டி ஓட்டத் தொடங்கும் மார்ச், ஏப்ரலுக்குள் அங்கே கடைகளில் சரக்கு நிற்க வேண்டும், தொழிற்சாலை அந்தக் கணக்கில்தான் ஓடும். நமக்கு அப்போது கோடை முடிகிற நேரம். சிறிய சந்தை என்பதால் நம் முறை பின்னால்தான் வரும். ஐக்மாவில் பார்த்த வண்டியை இங்கே அடுத்த வருடத்தின் முதல் பாதியில் எதிர்பாருங்கள். சிலது இரண்டாம் பாதிக்கும் தள்ளும். நவம்பரில் யூடியூப்பில் பார்த்துவிட்டு டிசம்பர் விடுமுறைக்கு வண்டி கேட்டு வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அந்த வண்டி இன்னும் செய்யப்படவே இல்லை.

இந்தியக் கம்பெனிகள் மாடல் வருடத்தை அவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை. புதுசு எப்போது தயாரோ அப்போது விடுவார்கள். அங்கே விதி மாறும்போது வண்டியும் மாறும். 2025 ஏப்ரல் 1 முதல், பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியின் அடுத்த கட்டமான ஓபிடி-2பி அங்கே நடைமுறைக்கு வந்தது. ஊரில் மச்சான் எடுத்த அதே பெயர் வண்டி இங்கே அதே மாதம், அதே வசதியோடு வரும் என்று எண்ணாதீர்கள்.

பிறகு பயணம். சென்னையிலிருந்து கடலில் மட்டும் மூன்று நான்கு வாரம், வழியில் கப்பல் மாறினால் இன்னும் கூடும். டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும் வண்டி நேராக நம் கடைக்கு வந்துவிடாது. பல பிராண்டுகளின் இறக்குமதியாளர் கிடங்கு ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் இருக்கிறது. நம் கண்ணெதிரே துறைமுகத்தில் இறங்கிய பெட்டி என்3 சாலையில் 600 கிலோமீட்டர் மேலே ஏறிப் போய், அங்கே கணக்கெழுதி, அதே சாலையில் திரும்பி வரும். ஒரகடத்து வண்டி ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் டர்பனுக்கு வருகிறது. ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

தாமதம் எங்கே விழும் என்பதும் தெரிந்திருக்கட்டும். 2023 நவம்பரில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே 60-க்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்துக்கிடந்தன. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 மூடப்பட்டது. எங்களுக்கு வந்துகொண்டிருந்த சரக்கு லாரியும் அந்த வரிசையில்தான் நின்றது. டிசம்பர் 16-க்குப் பிறகு ஜனவரி முதல் வாரம் வரை பல கிடங்குகள் பாதி ஆட்களோடுதான் ஓடும். டீலர் "டிசம்பர் மூன்றாவது வாரம்" என்று சொன்னால் நான் ஜனவரி நடு என்று எழுதிக்கொள்வேன்.

5. டீலரிடம் கேட்கும் கேள்விகள், இந்த வரிசையில்

"எப்போ வரும்?" என்று தொடங்கினால் "அடுத்த மாசம்" என்ற பதில் கிடைக்கும். அது பதிலே இல்லை. இப்படிக் கேளுங்கள்.

இந்த மாடல் உங்கள் கடைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை வண்டி? ஒதுக்கீடே வரவில்லை என்றால் விற்பனையாளர் சொல்லும் தேதி அவருடைய ஊகம்.

எனக்கு முன்னால் எத்தனை பேர் புக் செய்திருக்கிறார்கள்? நான்கு வண்டி வருகிறது, நீங்கள் ஏழாவது ஆள் என்றால் நீங்கள் காத்திருப்பது இந்தக் கப்பலுக்கு இல்லை.

என் வண்டிக்கு சேசிஸ் நம்பர் விழுந்துவிட்டதா? வண்டி கப்பல் ஏறும்போதே நம்பர் உண்டு. இறக்குமதியாளரின் பட்டியலில் அது வந்ததும் எங்கள் திரையிலும் தெரியும். "இன்னும் நம்பர் வரலை" என்றால் வண்டி இன்னும் தொழிற்சாலைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இப்போது சொல்லும் விலை எந்த நாள் விலை? இதை நேராகக் கேட்பவர்கள் பத்தில் ஒருவர். ரேண்ட் சரிந்தால் அடுத்த கப்பலின் விலை ஏறும், பழைய கப்பலின் விலை அப்படியே இருக்கும்.

விற்பனையாளர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு மாத இலக்கு, எனக்கு ஸ்டாக் திரை. பதில் மழுப்பலாக இருந்தால் ஸ்டாக் பார்ப்பவரை அழைக்கச் சொல்லுங்கள்.

6. பழைய வருட வண்டியா, புதுசுக்குக் காத்திருப்பதா

புது மாடல் கப்பல் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் தரையில் நிற்கும் பழைய வருட வண்டிக்குத் தள்ளுபடி தொடங்கும். இதில் முடிவெடுக்கும் முன் என்ன மாறுகிறது என்று பாருங்கள்.

நிறமும் ஸ்டிக்கரும் மட்டும் மாறினால் நான் யோசிக்கவே மாட்டேன், பழையதை எடுப்பேன். சக்கரம், சஸ்பென்ஷன், எஞ்சின் மாறினால் வேறு கணக்கு. 2023 செப்டம்பரில் பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் வெளியானபோது 1250 ஒரு தலைமுறை பழையதாகிவிட்டது. 2024 ஐக்மாவில் காட்டிய கேடிஎம் 390 அட்வென்சரும் முந்தையதோடு பெயரைத் தவிர அதிகம் பகிரவில்லை. அப்படிப்பட்ட மாற்றத்தில் பழையதை எடுத்தால், விற்கும்போதும் அந்தத் தலைமுறை வித்தியாசம் விலையில் தெரியும். தள்ளுபடி அதை ஈடுகட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய ஸ்டாக்கை எடுப்பதாக இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். டர்பன் கடல்காற்று ஷோரூமுக்குள் நிற்கும் வண்டியையும் விடாது. போல்ட் தலைகள், எக்ஸாஸ்ட் இணையும் இடம், செயின், சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங் ஆகிய இடங்களில் செம்மண் நிறம் தெரிகிறதா பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-இன் 35-வது வாரத்தில் செய்த டயர். சேசிஸ் நம்பரில் வருடம் தெரியாத வண்டிக்கும் இது ஓரளவு வயதைச் சொல்லிவிடும். பேட்டரி ஒரு வருடம் சார்ஜ் இல்லாமல் நின்றிருந்தால் அதன் ஆயுள் பாதி போயிருக்கும். தள்ளுபடியோடு புது பேட்டரியும் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

டெமோ வண்டியைப் புதுசு என்று நினைத்து எடுக்காதீர்கள். அது ஏற்கெனவே டீலர் பெயரில் பதிவானது. நீங்கள் இரண்டாவது உரிமையாளர். வாரண்டியும் எப்போதோ ஓடத் தொடங்கியிருக்கும்.

புதுசுக்குக் காத்திருப்பவர்களுக்கு என் சொந்தக் கருத்து: முற்றிலும் புது மாடல் என்றால் முதல் கப்பல் வேண்டாம், இரண்டாவதை எடுங்கள். முதல் கப்பலோடு வண்டிதான் வரும். கிராஷ் கார்டு, உதிரி லீவர், ஆயில் ஃபில்டர் எல்லாம் பிறகுதான் வரும். ஒர்க்‌ஷாப் பையன்களும் அந்த வண்டியைத் திறந்து பழகியிருக்க மாட்டார்கள்.

7. டெபாசிட் கட்டும் முன் தாளைப் படியுங்கள்

2023-இல் நான் இந்த வேலையில் இல்லை, வெறும் வாடிக்கையாளன். ஒரு கடையில் "அடுத்த வாரம் வருது" என்ற வார்த்தையை நம்பி 10,000 ரேண்ட் கட்டினேன். என் வண்டி துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பல்களில் ஒன்றில் இருந்தது. ஜனவரி கடைசியில் வந்தபோது விலை ஏறியிருந்தது. கோபத்தோடு போய்ச் சண்டை போட்டேன். மேனேஜர் நான் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பி வைத்தார். கீழே பொடி எழுத்தில் "இன்வாய்ஸ் நாளின் விலையே செல்லும்" என்றிருந்தது. வாயை மூடிக்கொண்டு கூடுதல் பணத்தைக் கட்டினேன்.

எனவே ஆர்டர் தாளில் இவை எழுத்தில் இருக்கட்டும்: மாடல் பெயர், தயாரிப்பு வருடம், நிறம், சேசிஸ் நம்பர் (விழுந்திருந்தால்), விலை எந்த நாள்வரை செல்லும், எந்தத் தேதிக்குள் வராவிட்டால் பணம் முழுதாகத் திரும்பும். சேசிஸ் நம்பர் இன்னும் விழாவிட்டால் "நம்பர் கிடைத்து நான் ஒப்புக்கொள்ளும்வரை டெபாசிட் முழுதும் திருப்பித் தரத்தக்கது" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் இரண்டு குழப்பம். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 17-ஆம் பிரிவின்படி முன்பதிவை நீங்கள் ரத்து செய்யலாம், டீலர் நியாயமான ரத்துக் கட்டணம் மட்டும் பிடிக்கலாம். ஆனால் உங்களுக்கென்றே வரவழைக்கும் ஸ்பெஷல் ஆர்டருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. தாளில் யாராவது "ஸ்பெஷல் ஆர்டர்" என்று எழுதினால், ஷோரூமுக்கு எப்படியும் வரப்போகிற சாதாரண வண்டிதானே என்று கேட்டு அடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது குழப்பம், ஐந்து வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை. அது டீலர் தானாக உங்களைத் தேடிவந்து விற்கும் நேரடி விற்பனைக்கு மட்டும். நீங்களாகக் கடைக்குப் போய் வாங்கினால் கிடையாது.

பணம் அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் அனுப்பாதீர்கள். கடையின் லேண்ட்லைனுக்கு நீங்களே போன் செய்து கணக்கு எண்ணை வாசித்துச் சரிபாருங்கள்.

8. கடன்

பேங்க் தரும் கடன் கொட்டேஷன் ஐந்து வேலை நாள்தான் செல்லும், தேசியக் கடன் சட்டத்தின் கணக்கு அது. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே கையெழுத்துப் போட உட்கார்ந்தால் பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முன் அனுமதி மட்டும் வாங்கி வையுங்கள். வண்டி கடைக்குள் வந்த பிறகு கொட்டேஷன் கேளுங்கள்.

மாதத் தவணை குறைவாகத் தெரிந்தால் கடைசியில் பலூன் பணம், அதாவது மொத்தமாகக் கட்ட வேண்டிய பெரிய தொகை, ஒளிந்திருக்கிறதா பாருங்கள். பதிவு, நம்பர் பிளேட், டெலிவரி என்று ஆன் தி ரோடு கட்டணம் தனியாகச் சில ஆயிரம் ரேண்ட் வரும், அதையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கடன் முடியும்வரை காகிதத்தில் டைட்டில் ஹோல்டர், அதாவது சட்டப்படி வண்டிக்கு உரியவர், பேங்க்; ஓனர், அதாவது வைத்து ஓட்டுபவர், நீங்கள். ஒரிஜினல் காகிதம் பேங்கிடம்தான் இருக்கும்.

9. பெட்டி வந்த நாள்

முடிந்தால் பெட்டி திறக்கும்போது போய் நில்லுங்கள். கேட்டால் பெரும்பாலான கடைகள் விடுவார்கள்.

இரும்புச் சட்டத்துக்குள் அட்டையும் பிளாஸ்டிக் உறையும் போர்த்தி வண்டி பட்டையில் கட்டி நிற்கும். பிராண்டைப் பொறுத்து ஹேண்டில்பார், கண்ணாடிகள், முன் சக்கரம் கழன்று தனியாக இருக்கும். உறையைப் பிரித்ததும் மெழுகும் புது ரப்பரும் கலந்த ஒரு வாசனை. கழுத்துப் பகுதியில், ஹேண்டில் திரும்பும் இடத்துக்குக் கீழே, சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும். அதன்மேல் மெழுகு படிந்திருந்தால் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தால் எழுத்துகள் தெரியும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். பிறகு அந்த 17 எழுத்தையும் ஸ்டிக்கரில் உள்ளதோடும் ஆர்டர் தாளோடும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒருமுறை கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. பெட்டிக்குள் இருந்தது வேறொருவரின் வண்டி. இரண்டும் ஒரே நிறம், ஒரே மாடல். அன்றைக்குப் பார்க்காமல் விட்டிருந்தால் ஒருவர் வண்டி இன்னொருவர் பெயரில் பதிவாகி, அதைப் பிரிக்க மாதக்கணக்கில் அலைந்திருப்போம்.

டேங்கில் கீறல், ஃபோர்க்கில் துரு, பிளாஸ்டிக்கில் விரிசல் இருந்தால் அப்போதே படம். பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகு அது போக்குவரத்தில் ஆனதா, ஒர்க்‌ஷாப்பில் ஆனதா என்ற விவாதம்தான் மிஞ்சும்.

10. பிடிஐக்கு அவசரப்படுத்தாதீர்கள்

பெட்டியிலிருந்து எடுத்த வண்டி ஓட்டத் தயாரான வண்டி இல்லை. டெலிவரிக்கு முன்னான சோதனையைத்தான் பிடிஐ என்கிறோம். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பிறகே முதல்முறை இணைக்க வேண்டும். அவசரத்தில் பாதிச் சார்ஜோடு இணைத்தால் அது கடைசிவரை சரியாகாது. முன் ஆக்ஸில், ஹேண்டில், பிரேக் காலிப்பர் போல்ட்டுகளைச் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். செயின் தளர்வு, பிரேக் ஆயில், கூலன்ட், டயர் காற்று, சாஃப்ட்வேர் அப்டேட், ஒரு குறும்பயணம்.

சனிக்கிழமை காலை வந்து "இன்னிக்கே வேணும், மவுன்ட் எட்ஜ்கோம் பிள்ளையார் கோவில்ல பூஜைக்குச் சொல்லிட்டேன்" என்பார்கள். புது வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் புரிகிறது, என் வண்டிக்கும் செய்தேன். ஆனால் ராகு காலம் பார்த்து நாள் குறிப்பதை லைசென்ஸ் டிஸ்க் (வண்டியில் வைக்கும் வட்டமான உரிமச் சீட்டு) கைக்கு வந்த பிறகு செய்யுங்கள். ஐயரிடம் தேதியை மாற்றுவது எளிது. அரைகுறையாக முறுக்கிய ஆக்ஸிலோடு என்2-வில் ஏறுவது வேறு விஷயம்.

பிடிஐ தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக் கையெழுத்து இருக்க வேண்டும்.

11. பதிவும் இன்சூரன்ஸும், டிசம்பர் கணக்கும்

இன்சூரன்ஸ் கொட்டேஷனுக்கு சேசிஸ், எஞ்சின் நம்பர்கள் வேண்டும். அதனால்தான் இந்தப் படி இங்கே. கடன் என்றால் முழு இன்சூரன்ஸ் சான்று பார்க்காமல் பேங்க் பணம் விடாது. பல இன்சூரன்ஸ்காரர்கள் டிராக்கர் கேட்பார்கள். டிராக்கர் பொருத்த ஆள் வர இரண்டு மூன்று நாள் ஆகும், பதிவு நடக்கும்போதே சொல்லிவிடுங்கள். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மைக்ரோடாட் (வண்டியை அடையாளம் காட்டும் எண் பொறித்த நுண்புள்ளிகள்) தெளித்திருக்க வேண்டும், அதன் சான்றும் கோப்பில் இருக்கட்டும்.

பதிவை டீலரே செய்வார். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் பதிவுத் தேதி. இலக்கை எட்ட மாதக் கடைசியில் சில வண்டிகளைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்து வைக்கும் கடைகள் உண்டு. ஓடோமீட்டரில் 2 கிலோமீட்டர் இருக்கும், காகிதத்தில் மூன்று மாதம் பழையது.

வண்டி டிசம்பர் 20-க்கு மேல் வந்தால், விடுமுறையில் ஓட்டும் திட்டம் இல்லாவிட்டால், இன்வாய்ஸையும் பதிவையும் ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். டிசம்பர் 30-இல் பதிவானது இரண்டே நாளில் போன வருட வண்டி. பதிவை மட்டும் தள்ளி இன்வாய்ஸை டிசம்பரில் போட்டால் தவணை ஓடத் தொடங்கிவிடும், வண்டி கடையிலேயே நிற்கும். இரண்டையும் சேர்த்துத் தள்ளுங்கள். டிசம்பர் விற்பனைக் கணக்கு வேண்டும் என்று டீலர் கெஞ்சினால் பேரம் பேச அதுவே நேரம். முதல் சர்வீஸ் இலவசம், கிராஷ் கார்டு என்று ஏதாவது கேளுங்கள்.

பதிவு முடியாமல் தற்காலிக பெர்மிட்டில் எடுப்பதானால் அது 21 நாள் செல்லும். 22-ஆம் நாள் ரோட் பிளாக்கில் நிறுத்தினால் டீலர் வந்து பேச மாட்டார்.

12. சாவி வாங்கும் நாளும் முதல் ஆறு மாதமும்

இரண்டு சாவியும் இருக்கிறதா, சாவிக் குறியீட்டு அட்டை இருக்கிறதா, வாரண்டி புத்தகத்தில் இன்றைய தேதி போட்டு முத்திரை குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி தேதியும் பதிவுத் தேதியும் பொருந்தாவிட்டால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். புது டயர் வழுக்கும், முதல் 100 கிலோமீட்டரில் ரவுண்டானாவில் சாய்க்காதீர்கள்.

முதல் சர்வீஸ் பெரும்பாலும் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள். கையேட்டில் உள்ளதைப் பாருங்கள், சாவி வாங்கும் அன்றே நாள் குறித்துவிடுங்கள். தாமதித்தால் வாரண்டி கேட்கும்போது முதலில் அதைத்தான் காட்டுவார்கள்.

வண்டியில் உண்மையான குறை இருந்தால் டெலிவரியிலிருந்து ஆறு மாதம்வரை பழுதுபார்ப்பு, மாற்று வண்டி, பணம் திரும்ப என்ற மூன்றில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. வாட்ஸ்அப்பில் சண்டை போடாமல் தேதியிட்ட மின்னஞ்சலில் குறையை எழுதுங்கள். கடை அசையாவிட்டால் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். அங்கே முதலில் கேட்பது அந்த மின்னஞ்சல், பிடிஐ நகல், பெட்டி திறந்த அன்று எடுத்த படங்கள். மூன்றையும் சேசிஸ் நம்பரைப் பெயராக வைத்த ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.